எழுத்து மாற்றுப் புதிர்: எண்ணுவதா, புள்ளியைப் பார்ப்பதா, ஊகிப்பதா, கணினியிடம் கொடுப்பதா?

எழுத்து மாற்றுப் புதிரைக் கையில் எடுத்தவர்கள் பலரும் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். க இருக்க வேண்டிய இடத்தில் ம, ல இருக்க வேண்டிய இடத்தில் ன என்று ஒவ்வொரு எழுத்தும் இன்னொன்றின் வேஷத்தில் நிற்கிறது, எதைப் பிடித்து இழுத்தால் மற்றது அவிழும் என்று தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எந்த எழுத்து அதிகம் வருகிறதென்று எண்ணு என்பார் ஒருவர். ஒரு சொல்லை ஊகித்துப் போட்டுப் பார் என்பார் இன்னொருவர். அதெல்லாம் எதற்கு, கணினியிடம் கொடுத்துவிடு என்பார் மூன்றாமவர். இவை எல்லாமே வேலை செய்யும், ஆனால் எல்லாப் புதிரிலும் வேலை செய்யாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் புதிர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு "முதலில் எண்ணு" என்று ஆரம்பிப்பது பல தமிழ்ப் புதிர்களுக்குச் சரியான வரிசை இல்லை. தமிழில் புள்ளி இருக்கிறது. எந்த மெய்க்குப் பின்னால் எது வரலாம், எது வரவே கூடாது என்ற விதி இருக்கிறது. ஆங்கிலப் புதிரில் தேடினாலும் கிடைக்காத துப்பு அது. அதை விட்டுவிட்டு எண்ணிக்கையில் உட்காருவது நேரத்தை வீணாக்குவதுதான்.

## முதலில் புதிர் எந்த வகை என்று பாருங்கள்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். தமிழில் மூன்று வகையாகப் புதிர் அமைக்கலாம், மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

மெய் மட்டும் மாறுவது. 18 மெய்களும் தங்களுக்குள் இடம் மாறும். கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கா என்பது மா ஆகலாம், மி ஆகாது.

முழு எழுத்துக்கு ஒரு எண். க ஒரு எண், கா வேறு எண், க் இன்னொரு எண். மொத்தம் 247 எழுத்து இருக்கிற மொழியில் இது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

உயிரும் மெய்யும் பிரித்து எழுதுவது. கா என்பதை க் + ஆ என்று உடைத்து, இரண்டுக்கும் தனித்தனிக் குறி. மொத்தம் 31 குறிக்குள் அடங்கிவிடும். ஆங்கிலப் புதிரோடு நெருங்கிய வகை இதுதான்.

ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளைச் சிலர் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். விட்டிருந்தால் அது இலவசத் துப்பு. ஒரு சொல்லில் ஷ் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று, வெறும் நகர்த்தலாக இருக்குமோ என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் எழுத்தை மூன்று இடம் நகர்த்தி எழுதினார் என்பார்கள், அதே பாணி. 18 மெய்யை வரிசை மாறாமல் நகர்த்தினால் 17 வாய்ப்புதான், ஒரு சின்னச் சொல்லை வைத்துப் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எழுத்துகள் கலைத்துப் போடப்பட்டிருந்தால்தான் கீழே உள்ளதெல்லாம் தேவைப்படும், அப்போது 18 மெய்க்கான வாய்ப்புகள் ஏறக்குறைய 64 கோடி கோடி.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். புதிர் எவ்வளவு நீளம். சொல் இடைவெளி அப்படியே இருக்கிறதா, இல்லை எல்லாம் ஒட்டியிருக்கிறதா. மேலே சொன்ன மூன்றில் எந்த வகை. நடுவில் தப்பு நேர்ந்தால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியிருக்கும். கடைசியாக, அவிழ்க்கும் சுகம் உங்களுக்கு வேண்டுமா அல்லது விடை மட்டும் போதுமா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை, ஆனால் கணினி வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அதுதான்.

பேச்சாகப் பேசாமல் ஒரு புதிரை வைத்தே பார்ப்போம். முதல் வகை, மெய் மட்டும் மாறியது:

மானைகின் ஙய்ர மவிரர்ரைல் லிணிர்ருல் லவிர்ரஙண் ளிணிர்ரும்மொஞ்வே உப்பே ளெத்நாண்

## வழி 1: எண்ணிக்கை

எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த மொழியில் அதிகம் வரும் எழுத்தோடு பொருத்துவது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி இதை எழுதி வைத்திருக்கிறார், நமக்குக் கிடைத்திருப்பதில் இந்த முறையின் மிகப் பழைய விளக்கம் அவருடையதுதான். 1586இல் ஸ்காட்லாந்து அரசி மேரியின் ரகசியக் கடிதங்களை இங்கிலாந்தின் சங்கேத நிபுணர் தாமஸ் ஃபெலிப்ஸ் உடைத்ததிலும் எழுத்து எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு, மறு ஆண்டு மேரியின் தலை போனது. ஆக முறையின் வலிமையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம் புதிரில் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 38 மெய் வருகிறது (உயிர்மெய்யில் இருக்கும் மெய்யையும் சேர்த்து). ர 10 முறை. அடுத்தது ம, ல, ண, மூன்றும் தலா 4. அப்புறம் வ 3. மற்றதெல்லாம் 2, 1.

இதிலிருந்து என்ன தெரிந்தது? ர என்பது தமிழில் முன்வரிசையில் நிற்கும் மெய்களில் ஒன்று, அநேகமாகத் த அல்லது க. அவ்வளவுதான். அடுத்த மூன்றும் சமமாக நிற்கின்றன, அங்கேயே எண்ணிக்கையின் கதை முடிந்தது. எட்டுச் சொல் புதிரில் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதன் மறைமுகச் செலவு பொறுமை. எண்ணும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும், புள்ளி வைத்ததையும் வைக்காததையும் சேர்த்து எண்ணுவதா தனியாகவா என்று குழப்பம் வரும். இதையெல்லாம் தாண்டிக் கிடைத்த பட்டியல் சின்னப் புதிரில் பொய்யும் சொல்லும். புதிர் அமைத்தவர் வேண்டுமென்றே ழகரம் நிறைந்த வாக்கியத்தை எடுத்திருந்தால் உங்கள் பட்டியல் முதல் வரியிலேயே தடம் புரண்டுவிடும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று குறி கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம், எண்ணிக்கையைச் சமமாக்கி இந்த முறையைத் தோற்கடிக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

எண்ணிக்கை ஜெயிக்கும் இடமும் உண்டு: உயிரும் மெய்யும் பிரித்து எழுதிய மூன்றாவது வகை, அதுவும் ஒரு பத்தி அளவுக்கு நீளம் இருந்தால். அங்கே அ, இ, உ மூன்றும் தலை தூக்கி நிற்கும். சொல் இடைவெளியே இல்லாத புதிரிலும் வேறு பிடி கிடைப்பது கஷ்டம் என்பதால் எண்ணித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

## வழி 2: புள்ளியும் எழுத்து விதியும்

மெய் மட்டும் மாறிய புதிரில் புள்ளி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பாடம் இங்கேதான் பயன்படும். தேவையானவை இவ்வளவுதான்:

- க், ச், த், ப் நான்கும் தனக்குப் பின் தன்னையே கொண்டுவரும்: க்க, ச்ச, த்த, ப்ப. ஆகவே புள்ளி எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்து நின்றால் அந்தப் புள்ளி எழுத்து இந்த நான்கில் ஒன்றாக இருக்காது. (பக்தி, சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விதிவிலக்கு.)
- ர், ழ் இரண்டும் இரட்டிக்காது.
- இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: வாய்ப்பு, பார்த்தான், வாழ்க்கை.
- மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. எப்போதும் புள்ளியோடு மட்டும், ஒரே எழுத்துக்கு முன்னால் மட்டும் வரும் ஒரு எழுத்தைக் கண்டால் அது ங் ஆக இருக்கலாம்.
- ட, ண, ர, ல, ழ, ள, ற, ன சொல்லின் முதலில் வராது. கடன் சொல் கலந்தால் ட, ர, ல மட்டும் எட்டிப் பார்க்கும்.
- சொல்லின் கடைசியில் வல்லினப் புள்ளி நின்றால் அது சந்தி. அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கும்.

கடைசி விதியைத்தான் நான் மிகவும் நம்புவேன். நம் புதிரைப் பாருங்கள். மவிரர்ரைல் லிணிர்ருல் லவிர்ரஙண். மூன்றாவது சொல் ல் என்று முடிகிறது, நான்காவது லி என்று தொடங்குகிறது. நான்காவது மறுபடி ல் என்று முடிகிறது, ஐந்தாவது ல என்று தொடங்குகிறது. "மரம் முறிந்தது" மாதிரி தற்செயலாகவும் இப்படி நேரும், ஆனால் அடுத்தடுத்து இரண்டு இடத்தில், அதுவும் ஒன்று ஐகாரத்துக்குப் பின்னால், இன்னொன்று உகரத்துக்குப் பின்னால் என்றால் அது வல்லினம் மிகுந்த இடம்தான். அப்படியானால் ல என்பது க, ச, த, ப நான்கில் ஒன்று. 18 வாய்ப்பு ஒரே பார்வையில் 4 ஆகிவிட்டது, இதை எந்த எண்ணிக்கையும் தந்திருக்காது.

அடுத்தது ர்ர. நான்கு இடத்தில் இரட்டித்திருக்கிறது: மவிரர்ரைல், லிணிர்ருல், லவிர்ரஙண், ளிணிர்ரும்மொஞ்வே. ஒன்று ஐகாரத்தோடு, இரண்டு "இ_்_உ" என்ற ஓசையோடு. பாடத்தை, மரத்தை என்று வேற்றுமை உருபு ஏறும்போது வருவது த்தை, எடுத்து, கொடுத்து, பிடித்து என்று வினையெச்சத்தில் வருவது த்து. ர = த என்று துணிந்து எழுதலாம். ஙய்ர என்ற குட்டிச் சொல்லில் த-வுக்கு முன் வேறொரு புள்ளி எழுத்து நிற்கிறது, ஆக ய் = ந், சொல் "_ந்த".

இப்போது மூன்றாவது சொல் "_ _ிதத்தை" என்று நிற்கிறது. கடிதத்தை, கணிதத்தை, மனிதத்தை, சரிதத்தை என்று நான்கு சொல் பொருந்தும். ஊகிக்கத் தொடங்குகிறவர் இங்கே ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். விதி இங்கேயும் உதவும். இரண்டாவது எழுத்தான வி-யில் இருக்கும் வ, ஆறாவது சொல்லின் கடைசியில் "ஞ்வே" என்று வேறொரு புள்ளிக்குப் பின்னால் நிற்கிறது. ண, ன, ர மூன்றும் வேறு மெய்க்குப் பின்னால் அப்படி நிற்பதில்லை. ட நிற்கும், ண்ட என்று. ஆக வ = ட, சொல் கடிதத்தை, ம = க.

ஐந்தாவது சொல் "லடித்தங_்". படித்த, நடித்த, மடித்த, வடித்த, தடித்த எல்லாம் ஓசைக்குப் பொருந்துகின்றன. ஆனால் ல என்பது க, ச, த, ப-வில் ஒன்று என்று ஏற்கெனவே தெரியும், அதில் க-வும் த-வும் போய்விட்டன. நடித்த, மடித்த, வடித்த மூன்றும் கண்ணெதிரே விழுகின்றன, படித்த மட்டும் நிற்கிறது. ங = வ என்று வைத்தால் "வந்த" என்றும் "படித்தவ_்" என்றும் இரண்டு இடமும் சேர்ந்து தெளிகின்றன. மற்றதெல்லாம் தானாக வரும்: லிணித்துல் என்பது பிரித்துப், ஆக ண = ர. ளிரித்துக்கொ_்டே என்பதில் விரித்தும் திரித்தும் கழிந்துவிட, சிரித்துக்கொண்டே. உப்பே என்பது உள்ளே. செ_்_ார் என்பதில் புள்ளிக்குப் பின் வேறு எழுத்து, ஆகவே சென்றார். முதல் சொல்லில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில், காலையில்.

காலையில் வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் சிரித்துக்கொண்டே உள்ளே சென்றார்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. விதி தெரிந்திருக்க வேண்டும், அது முதல் தடை. புதிர் எழுதியவர் சந்தி சரியாகப் போட்டிருக்க வேண்டும், அது இரண்டாவது தடை, சொல்லப்போனால் பெரிய தடை. ஒற்றுப் பிழையோடு எழுதப்பட்ட வாக்கியத்தில் கடைசி விதி உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோகும், அல்லது ஒன்றுமே சொல்லாது. பேச்சுத் தமிழில் எழுதிய வாக்கியத்தில் பாதி விதி தளர்ந்துவிடும். கடன் சொல் நிறைய இருந்தாலும் அப்படித்தான்.

முழு எழுத்துக்கு எண் கொடுத்த வகையில் இந்த வழி ஏறக்குறைய பயனற்றது. த் ஒரு எண், து இன்னொரு எண் என்று ஆகிவிடுவதால் இரட்டிப்பு கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது வகையில் வேறு உருவத்தில் வேலை செய்யும்: ஒரே சொல்லுக்குள் இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்காது, நடுவில் ய் அல்லது வ் வந்து உட்கார்ந்துவிடும். உயிர்க்குறிகள் எவை என்று பிரித்துவிட இது ஒன்றே பெரிய உதவி.

## வழி 3: சொல்லை ஊகிப்பது

ஒரு சொல்லோ தொடரோ இன்னதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கிடைக்கும் எழுத்துகளை மற்ற இடங்களில் போட்டுப் பார்ப்பது. 1969இல் அமெரிக்காவில் ஸோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் செய்தித்தாள்களுக்கு அனுப்பிய 408 குறிகள் கொண்ட செய்தியை உடைத்தவர்கள் டொனால்ட் ஹார்டன், பெட்டி ஹார்டன் என்ற தம்பதி. அவன் தற்பெருமைக்காரன், "நான்" என்றுதான் ஆரம்பிப்பான், "கொல்" என்ற சொல் கண்டிப்பாக இருக்கும் என்று பெட்டி ஊகித்தார். ஒரே எழுத்துக்குப் பல குறி கொடுத்து எண்ணிக்கைக்குப் பிடி கொடுக்காமல் அமைத்த செய்தி, எழுதியவனின் மனதை ஊகித்ததால் உடைந்தது.

தமிழில் முழு எழுத்து வகைக்கு இதுதான் ஒரே நல்ல வழி. இதைப் பாருங்கள்:

1-2 3-4 1-2 1-2-5-6-4 1-7-8-9-7 10-11-12-7

20 எழுத்து, 12 வேறுபட்ட எண்கள். எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை, அதிகபட்சமே நான்கு முறைதான். ஆனால் அமைப்பைப் பாருங்கள். முதல் சொல்லும் மூன்றாவதும் ஒன்றே. நான்காவது சொல் அதே இரண்டு எழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவதும் நான்காவதும் ஒரே எழுத்தில் முடிகின்றன. ஒரே சொல் மூன்று முறை முட்டும் பழமொழி என்று யோசித்தால் வாயில் தானாக வரும்: அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். வந்ததும் சரிபார்க்கலாம். 4 = ல், மேல், அடித்தால் இரண்டிலும் சரி. 7 = ம், அம்மியும் என்பதில் இரண்டு முறை, நகரும் என்பதில் ஒரு முறை, மூன்றும் சரி. எட்டாம் எண்ணான மி-க்கும் ஏழாம் எண்ணான ம்-க்கும் உறவு இருப்பதை எண்கள் காட்டவே இல்லை, ஊகம்தான் காட்டியது.

செலவு எங்கே என்றால், தவறான ஊகம் நெடுநேரம் சரி மாதிரியே தெரியும். ஒரு சொல் பொருந்திவிட்டால் மனது அதை விடாது. அந்தத் தவறான எழுத்தை வைத்து அடுத்த சொல், அதை வைத்து அதற்கடுத்தது என்று போய், முக்கால் புதிர் நிரம்பிய பிறகு "ழ்ழ" என்று எங்கோ வந்து நிற்கும். அப்போது எந்த ஊகம் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பென்சிலில் எழுதுங்கள், ஊகித்த எழுத்தையும் உறுதியான எழுத்தையும் வேறு வேறு விதமாக எழுதுங்கள். இன்னொரு ஒழுங்கும் வேண்டும்: ஊகித்த சொல்லின் எழுத்துகள் வேறு இரண்டு சொற்களிலாவது அர்த்தமாக உட்கார்ந்தால் ஒழிய அதை வைத்து மேலே கட்டாதீர்கள்.

மெய் மட்டும் மாறிய வகையில் ஊகத்துக்கு நல்ல தீனி சொல்லின் வால். உயிர்க்குறி மாறாமல் இருப்பதால் உருபுகள் அடையாளம் காட்டிவிடும். "ு_்_ு" என்று உகரத்துக்கு நடுவே இரட்டித்து முடிந்தால் க்கு ஆக இருக்கலாம். பல சொற்கள் ஒரே இரண்டு மெய்யில், இரண்டாவது புள்ளியோடு முடிந்தால் கள். "ா_்" என்று முடிந்தால் ஆன், ஆள், ஆர், ஆல், வேறு அதிகம் இல்லை.

## வழி 4: கணினி

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஏதோ ஒரு சாவியை (எந்த எழுத்து எதுவாக மாறியது என்ற பட்டியலை) எழுந்தமானமாக எடுத்து விடையை எழுதிப் பார்க்கும், மூன்று நான்கு எழுத்துத் தொடர்கள் உண்மையான மொழியில் வரும் தொடர்கள் மாதிரி இருக்கின்றனவா என்று மதிப்பெண் போடும், சாவியில் இரண்டு எழுத்தை இடம் மாற்றும், மதிப்பெண் ஏறினால் வைத்துக்கொள்ளும், இறங்கினால் விட்டுவிடும். இப்படி ஆயிரக்கணக்கான முறை. நீளமான புதிருக்கு மனிதன் போட்டியே இல்லை. அதே ஸோடியாக் அனுப்பிய 340 குறிகள் கொண்ட இன்னொரு செய்தி 51 ஆண்டு யாருக்கும் பிடிபடாமல் இருந்து, 2020 டிசம்பரில் அமெரிக்கர், ஆஸ்திரேலியர், பெல்ஜியத்துக்காரர் என்று மூவர் சேர்ந்து நிரல் எழுதி உடைத்தார்கள். கையால் நடக்கிற காரியமே இல்லை அது.

ஆனால் தமிழ்ப் புதிருக்கு இது தயாராகக் கிடைக்கும் வசதி இல்லை. இணையத்தில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் 26 எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நீங்களே எழுத வேண்டும், எழுதும்போது யூனிகோடு, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை, குறுக்கே நிற்கும். நமக்கு கொ ஒரே எழுத்து, கணினிக்கு க தனி, ொ தனி. அந்த ொ கூட ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ெ, ா என்று இரண்டாகவும் சேமிக்கப்படலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. இதை முதலில் ஒழுங்குபடுத்தாமல் எண்ணினால் எல்லாக் கணக்கும் தப்பு. அப்புறம், மதிப்பெண் போட மாதிரி உரை வேண்டும். செய்தி நடையில் கற்ற நிரல் பழமொழியில் தடுமாறும்.

நீளமும் முக்கியம். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த கணக்கு முறைப்படி, ஆங்கிலத்தில் இப்படி எழுத்து மாற்றிய செய்திக்கு ஒரே விடைதான் இருக்கும் என்று நம்ப ஏறக்குறைய 28 எழுத்தாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் அர்த்தமுள்ள விடைகளே பல இருக்கலாம், எது புதிர் அமைத்தவர் நினைத்தது என்று எந்த இயந்திரமும் சொல்லாது. ஐந்து சொல் புதிரை நிரலிடம் கொடுத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட யோசிப்பது வேகம்.

நடுவழி ஒன்று உண்டு, அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். சொற்பட்டியல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொண்டு "_ _ிதத்தை" மாதிரி வடிவத்துக்குப் பொருந்தும் சொற்களை மட்டும் தேடச் சொல்லுங்கள். யோசனை உங்களுடையதாகவே இருக்கும், கடிதம் நினைவுக்கு வந்து கணிதம் வராமல் போகும் ஆபத்து மட்டும் குறையும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எண்ணிக்கை | புள்ளி விதி | ஊகம் | கணினி |
|---|---|---|---|---|
| பத்துச் சொல்லுக்குள் | பலவீனம் | மிக நன்று | நன்று | பல விடை வரும் |
| ஒரு பத்திக்கு மேல் | நன்று | நன்று | தொடக்கத்துக்கு மட்டும் | மிக நன்று |
| மெய் மட்டும் மாறியது | இரண்டாம் துணை | முதல் வழி | முதலாவதோடு சேர்த்து | நிரல் எழுதினால் சரி |
| முழு எழுத்துக்கு எண் | வீண் | ஏறக்குறைய வீண் | இதுதான் வழி | சொற்பட்டியல் தேடலுக்கு |
| உயிர், மெய் பிரித்தது | முதல் வழி | துணை | துணை | நன்று |
| இடைவெளி இல்லாதது | இதில் தொடங்கலாம் | சந்தி துப்பு கிடைக்காது | கடினம் | நன்று |
| மறைமுகச் செலவு | நேரம், விடுபட்ட எண்ணிக்கை | எழுதியவரின் ஒற்றுப்பிழை | விடாப்பிடியான தப்பு | யூனிகோடு, போன சுகம் |

## எந்த நேரத்தில் எது

வார இதழில் வருகிற மாதிரி ஒரு வாக்கியம், ஒரு பழமொழி, மெய் மட்டும் மாறியது என்றால் எண்ணவே எண்ணாதீர்கள். புள்ளி வைத்த எழுத்துகளை எல்லாம் வட்டமிடுங்கள், இரட்டித்தது எது, வேறு எழுத்துக்கு முன் நிற்பது எது என்று பிரியுங்கள், சொல்லின் கடைசிப் புள்ளியையும் அடுத்த சொல்லின் முதலெழுத்தையும் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று நான்கு எழுத்து உறுதியாகிவிடும், அதற்குப் பிறகு ஊகிக்கலாம். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல்.

எண் கொடுத்த புதிர் என்றால், அமைத்தவர் இலவசமாகத் தந்த இரண்டு மூன்று எழுத்துகளை நிரப்பிவிட்டு, ஒரே எண் இரண்டு சொல்லின் கடைசியில் வருகிறதா என்று பாருங்கள். அநேகமாக ம் அல்லது ல் அல்லது ன். எழுத்தே தராமல், பொருளும் சொல்லாமல் அமைத்த எண் புதிர் நாலைந்து சொல்லுக்குள் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது, ஒரே விடைக்கு உத்தரவாதம் இல்லாத புதிர் அது.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? மெய் மாறிய வகையும் புள்ளி விதியும்தான் என் தேர்வு. "ஒற்று ஏன் மிகுகிறது" என்ற கேள்விக்கு வகுப்பில் கிடைக்காத ஆர்வம் ஒரு புதிரின் நடுவில் கிடைக்கும், ஏனென்றால் அந்த ஒற்றுதான் பூட்டைத் திறக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் எண்ணச் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

பல பக்கம் நீளும் பழைய சங்கேதக் குறிப்பு ஏதாவது கையில் இருந்தால், அல்லது ஒரே எழுத்துக்குப் பல குறி இருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால், தயங்காமல் கணினிக்குப் போங்கள். அங்கே கையால் மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

எந்த வழியில் போனாலும் பாதியில் நின்றுபோகும் நேரம் வரும். அப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள் பலர், அது வேண்டாம். நிரப்பிய எழுத்துகளில் எது ஒரே ஒரு சொல்லை மட்டும் நம்பி நிற்கிறது என்று பாருங்கள், அதை மட்டும் அழியுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தாங்கிப் பிடித்திருக்கும் எழுத்தை அநேகமாகத் தொட வேண்டியிருக்காது.